அணிவகுப்பு இசை அமர்ந்த கதை

எமது கல்லூரியின் பாண்ட் வாத்தியக் குழுவில் மூன்று வருடங்களாக பேஸ் ட்றம் அடிப்பவள் நான். இல்ல விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தைச் சுற்றி வரும்போது என் மேளத்தின் பெரிய அடி விழும் நேரத்தில்தான் எல்லோருடைய இடது காலும் நிலத்தில் பட வேண்டும். நான் பிந்தினால் வரிசை முழுவதும் பிந்தும். "பொம்புளப் புள்ளைக்கு இந்தப் பெரிய மேளம் என்னத்துக்கு? சின்னதா ஒண்ட எடுத்தா ஆகாதா?" என்று உம்மம்மா அடிக்கடி கேட்பார். அவருக்குச் சிரித்துச் சமாளித்துவிடுவேன். ஆனால் கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் கரவெட்டியில் ஒரு பெரியவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு என்னால் சிரிக்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. அதற்கான பதிலைத் தேடி வாசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

கரவெட்டி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் நெல்லியடிச் சந்திக்கு அருகில் உள்ள ஊர். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் ஊர் என்றால் தமிழை ஒரு பாடமாகப் படிக்கும் தோழிகளுக்குச் சட்டென்று விளங்கும். உம்மாவின் சிறுவயதுத் தோழி அங்கே வசிக்கிறார். இருவரும் யாழ்ப்பாண நகரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்குப் பத்து வயது. ஒருவரையொருவர் மீண்டும் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பல வருடங்கள் சென்றன. இப்போது விடுமுறைகளில் போய்வருகிறோம்.

அன்று பின்னேரம் அன்ரியின் மகள் விறாந்தையில் இருந்து வயலின் பழகிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் தரத்தில் படிப்பவள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். அவள் வாசித்த மெட்டு எனக்கு நன்றாகத் தெரிந்தது. எமது குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு லயரில் முதன்முதலில் பழக்கும் 'டுவிங்கிள் டுவிங்கிள்' மெட்டு அது.

"இங்கிலிஷ் பாட்டா படிக்கிறாய்?" என்றேன்.

"இல்லை அக்கா, இது தீட்சிதர்ர கீர்த்தனை. 'ச்யாமளே மீனாக்ஷி'. நோட்டுஸ்வரம் எண்டு சொல்லுவினம்" என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பதிலுக்கு நானும் எங்கள் பாண்டின் திறமையைக் காட்ட வேண்டும் அல்லவா? கைத்தொலைபேசியில் இருந்த விளையாட்டுப் போட்டி வீடியோவைப் போட்டேன். வெள்ளைச் சீருடை, தாளம் தப்பாத நடை, என் மேளம். அன்ரி கைதட்டினார். சாய்மனைக் கதிரையில் இருந்த அவருடைய தகப்பனார் மட்டும் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேத்தியைப் போலவே நானும் அவரை அம்மப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

"பிள்ளை, நீ நல்லாத்தான் அடிக்கிறாய். ஆனா எங்கட ஊருக்கு மேளம் எண்டால் கோயில் மேளம். சப்பாத்துச் சத்தத்தோட வாற மேளத்தை ரசிக்கச் சொல்லி என்னட்டைக் கேளாத" என்றார்.

அதில் கோபம் இருக்கவில்லை. அதனால்தான் அது என்னை அதிகம் தைத்தது. போர்க்காலத்தை அந்த ஊரிலேயே கழித்த ஒருவருக்கு, தாளத்தோடு விழும் கால்களின் சத்தம் வேறு எதையோ ஞாபகப்படுத்துகிறது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சத்தம் உண்டு. வீதியில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் திடீரென அறிவித்துக்கொண்டு போனால், லொத்தர் விற்பவராக இருந்தாலும், உம்மா ஒரு கணம் கைவேலையை நிறுத்திவிடுவார். 1990இல் வெளியேறச் சொல்லும் அறிவித்தலை அவர் ஒலிபெருக்கியில்தான் கேட்டார். ஆகவே அம்மப்பாவிடம் "அது வெறும் இசைதானே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கேள்வி மனதில் நின்றது. பாண்ட் இசை இராணுவத்தின் சொத்துத்தானா? அப்படியானால் அதன் மெட்டு எப்படிக் கரவெட்டி விறாந்தைக்கு வந்து சேர்ந்தது?

பாண்ட் என்றால் என்ன?

முதலில் எமக்குத் தெரிந்த பாண்டில் இருந்து தொடங்குவோம். இராணுவ பாண்ட் என்பது ஊதுகருவிகளும் தோற்கருவிகளும் சேர்ந்த குழு. அதன் முதல் வேலை படையை ஒரே சீராக நடக்க வைப்பது. மனிதனுக்குக் கால் இரண்டு என்பதால் அணிவகுப்பு இசை பெரும்பாலும் இரண்டிரண்டு அடிகளாகவே அமைந்திருக்கும். சாதாரண வேக நடைக்கு நிமிடத்திற்கு சுமார் 120 அடிகள். திறந்த வெளியில் தூரத்துக்குக் கேட்க வேண்டும், நடந்துகொண்டே வாசிக்க வேண்டும் என்பதால் அதில் வயலின் போன்ற நரம்புக் கருவிகளுக்கு இடமில்லை.

இதே கருவிகளோடு ஒரு குழு மண்டபத்தில் கதிரைகளில் அமர்ந்து, கேட்பதற்காகவே வாசித்தால் அதைக் கொன்சர்ட் பாண்ட் என்பார்கள். நடக்க வேண்டிய அவசியம் போய்விட்டதால் இசையமைப்பாளருக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், மூன்றடித் தாளத்தில் எழுதலாம், நடுவே மௌனமாகவும் இருக்கலாம்.

அமர்ந்து வாசிக்கும் இத்தகைய படைப்புகளில் ஒரு வகை, இராணுவ பாண்ட் ஒன்றையே கௌரவிப்பதற்காக எழுதப்படுவது. அமெரிக்காவில் 1798இல் தொடங்கப்பட்ட மரைன் பாண்ட் இதற்கு நல்ல உதாரணம். 1880 முதல் 1892 வரை அதை வழிநடத்தியவர் ஜோன் பிலிப் சூசா. உலகமெங்கும் பாடசாலை பாண்டுகள் வாசிக்கும் பல அணிவகுப்பு மெட்டுகள் அவருடையவை. அந்தப் படைப்பிரிவின் மகுடவாசகத்தையே தலைப்பாக வைத்து 1888இல் 'செம்பர் ஃபிடெலிஸ்' என்ற அணிவகுப்பு இசையை அவர் எழுதினார். அதே பாண்டின் 215ஆவது ஆண்டு நிறைவுக்காக, திரைப்பட இசையால் புகழ்பெற்ற ஜோன் வில்லியம்ஸ் 2013இல் ஒரு படைப்பை எழுதிக் கொடுத்தார். இவற்றை எழுதியவர்கள் அந்தப் படையைத் தமது படையாகக் கருதியவர்கள். ஆகவே கௌரவிப்பது அவர்களுக்கு இயல்பாக வந்தது. நம்முடைய கதை அவ்வளவு எளிதானதல்ல.

மேளம் வந்த வழி

ஐரோப்பிய இராணுவ பாண்டின் பெரிய மேளம் ஐரோப்பாவில் பிறந்தது அல்ல என்பதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. உதுமானியத் துருக்கியரின் படைகளோடு 'மெஹ்தர்' என்ற இசைக்குழு சென்றது. பெரிய மேளம், கைத்தாளம், முரசு, எக்காளம், நாதஸ்வரத்தைப் போல் சீவாளி வைத்து ஊதும் சுர்னா ஆகியன அதில் இருந்தன. 1683இல் வியன்னா நகரம் முற்றுகையிடப்பட்டபோது அந்த மக்கள் இதைப் பகைவரின் சத்தமாகத்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் அந்தப் பெரிய மேளத்தையும் சிம்பலையும் முக்கோணத்தையும் தமது பாண்டுகளில் சேர்த்துக்கொண்டன. நூறு வருடங்கள் செல்வதற்குள் அதே வியன்னாவில் மொஸார்ட், துருக்கிய பாணியில் இசை எழுதினார். மக்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள்.

சிம்பலிலும் இந்தக் கதை இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற சில்ஜான் சிம்பல் நிறுவனம் 1623இல் இஸ்தான்புலில் ஓர் ஆர்மேனியரால் தொடங்கப்பட்டது. 'சில்' என்றால் துருக்கி மொழியில் கைத்தாளம்.

இதைப் படித்த அன்றே உம்மம்மாவிடம் ஓடினேன். "உம்மம்மா, நான் அடிக்கிற மேளம் துருக்கிச் சுல்தான்ட படையில இருந்து வந்தது தெரியுமா?" என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அப்ப அவங்களையே தூக்கச் சொல்லு" என்றார்.

கோட்டையில் கேட்ட இசை

இனி தமிழ்நாட்டுக்குப் போவோம். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தவர். அவருடைய தந்தை ராமஸ்வாமி தீட்சிதரும் பெரிய இசைவாணர். ஹம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர். சென்னைக்கு வடக்கே உள்ள மணலியின் முத்துக்கிருஷ்ண முதலியார் இக்குடும்பத்தை அழைத்து ஆதரித்தார். முதலியார் கிழக்கிந்தியக் கம்பனியாருக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர். அவருக்குப் பின் அவருடைய மகன் சின்னையா முதலியாரும் ஆதரவைத் தொடர்ந்தார். கம்பனியாரோடு இருந்த இந்தத் தொடர்பினால், சென்னை புனித ஜோர்ஜ் கோட்டையில் இராணுவ பாண்ட் வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தை நாம் மறக்கக்கூடாது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரிட்டு மடிந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னர், 1795இல், எமது யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தரிடம் இருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது. கோட்டையில் வாசித்த பாண்ட் வெற்றிபெற்றுக்கொண்டிருந்த ஒரு படையின் பாண்ட். அம்மப்பா சொன்ன 'சப்பாத்துச் சத்தம்' அந்த இசையிலும் இருந்தது.

சகோதரர் இருவரும் அந்த இசையை இரு வழியில் எடுத்துக்கொண்டார்கள்.

தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் கருவியை எடுத்துக்கொண்டார். பாண்டில் இருந்த ஐரோப்பியர் ஒருவரிடம் அவர் வயலின் கற்றார். இராணுவ பாண்டில் வயலின் இல்லை என்று மேலே சொன்னேனே, இது எப்படி? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. அக்காலத்து ஆங்கிலேய பாண்ட் கலைஞர்கள் பகலில் அணிவகுப்புக்கு ஊதுகருவி வாசிப்பார்கள். இரவில் அதிகாரிகளின் விருந்துக்கும் நடனத்துக்கும் அவர்களே நரம்புக் கருவிகளையும் வாசிக்க வேண்டியிருந்தது. இப்படித்தான் வயலின் கோட்டைக்குள் இருந்தது. பாலுஸ்வாமி அதைத் தரையில் அமர்ந்து வாசிக்கும் கருவியாக்கி, கர்நாடக இசைக்கு ஏற்றதாக்கினார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அரிது. கரவெட்டி விறாந்தையில் அந்தப் பிள்ளை சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசித்தது இதன் தொடர்ச்சிதான்.

அண்ணன் முத்துஸ்வாமி மெட்டுகளை எடுத்துக்கொண்டார். தாம் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'ஸ்வரம்' என்ற நம் சொல்லும் சேர்ந்து இவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர் வந்தது. ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் கிடைத்துள்ளன. எல்லாம் சங்கராபரண இராகத்தின் சுரங்களில் அமைந்தவை. சங்கராபரணத்தின் ஸ ரி க ம ப த நி என்பதும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் டொ ரே மி ஃபா ஸோ லா டீ என்பதும் ஒரே சுரங்களே. அதனால்தான் பாண்டின் மெட்டு நம் இராகத்துக்குள் நெருடல் இல்லாமல் அமர்ந்தது. தீட்சிதரின் ஏனைய கீர்த்தனைகள் ஆறுதலான நடையும் நுணுக்கமான கமகங்களும் நிறைந்தவை. நோட்டுஸ்வரங்களில் சுரங்கள் அசையாமல் நேராக நிற்கும். ஆகவேதான் தொடக்க மாணவர்களுக்கு இவற்றை இன்றும் கற்பிக்கிறார்கள்.

மெட்டு நின்றது, அரசர் போனார்

நோட்டுஸ்வரங்களில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது 'சந்ததம் பாஹிமாம்' என்பது. அதன் மெட்டு பிரித்தானிய மன்னரின் கீதம். இலங்கை சுதந்திரம் பெறும்வரை எமது பாட்டன் பாட்டிமாரும் பாடசாலையில் எழுந்து நின்று கேட்ட அதே மெட்டு. ஆங்கிலப் பாடல் மன்னரைக் காக்கும்படி இறைவனிடம் வேண்டுகிறது. 'சந்ததம் பாஹி மாம்' என்றால் 'எப்போதும் என்னைக் காப்பாயாக' என்று பொருள். வேண்டுதல் அப்படியே இருக்கிறது. மெட்டும் அப்படியே இருக்கிறது. மன்னர் மட்டும் அங்கே இல்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு சாதாரண மனிதன் தனக்காகத் தன் தெய்வத்திடம் கேட்டுக்கொண்டு நிற்கிறான். தீட்சிதரின் சமயம் வேறு, என் சமயம் வேறு. ஆனாலும் ஒரு பேரரசின் கீதத்தை எதிர்க்காமல், ஏற்றுக்கொள்ளவும் செய்யாமல், இப்படி மாற்றிய புத்தியை வியக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த மெட்டு மூன்றடித் தாளத்தில் அமைந்தது. நோட்டுஸ்வரத்தில் அது திஸ்ர ஏகம். பேஸ் ட்றம் அடிக்கும் எனக்கு இது உடனே விளங்கியது. இடது, வலது, இடது என்று மூன்றில் அடித்தால் அடுத்த பெரிய அடி வலது காலில் விழும். வரிசை குழம்பிவிடும். ஆகவே அது நடக்கும் இசையே இல்லை. படை கூட அதை அசையாமல் நின்றுதான் கேட்க வேண்டும்.

இதே காலத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக்காலம் 1798 – 1832) தமது அரண்மனையிலேயே மேற்கத்திய கருவிகளுடன் ஒரு பாண்ட் வைத்திருந்தார். அவர் சேர்த்த மேற்கத்திய இசைச் சுவடிகளை இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் காணலாம். அரசர் பாண்டையே வாங்கினார். தீட்சிதரோ காதால் கேட்டதை மட்டும் கொண்டுபோனார். அரண்மனை பாண்ட் நூலகத்துக்குள் அடங்கிவிட்டது. காதால் கொண்டுபோனது வீட்டு விறாந்தைகளில் ஒலிக்கிறது.

நோட்டுஸ்வரங்கள் அழியாமல் எம்மிடம் வந்து சேர்ந்ததிலும் பலருடைய கை இருக்கிறது. ஏ. எம். சின்னஸ்வாமி முதலியார் என்ற தமிழ்க் கிறிஸ்தவர், கர்நாடகக் கீர்த்தனைகளை மேற்கத்திய சுரக்குறியீட்டில் எழுதி 1893இல் வெளியிடத் தொடங்கினார். தீட்சிதர் குடும்பத்து வாரிசான சுப்பராம தீட்சிதர் அவருக்குப் பாடிக் காட்டி உதவினார். பின்னர் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலை வெளியிடுவதற்குத் தூண்டுகோலாக இருந்தவரும் அவரே. துருக்கி முஸ்லிம்களின் மேளம், ஆங்கிலேயரின் மெட்டு, இந்து இசைவாணரின் சாகித்தியம், தமிழ்க் கிறிஸ்தவரின் சுரக்குறியீடு. பாண்ட் யாருடைய சொத்து என்று இப்போது கேட்டால் நான் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

மீண்டும் அந்த விறாந்தையில்

டிசம்பர் விடுமுறையில் மறுபடியும் கரவெட்டி சென்றோம். இவற்றையெல்லாம் அம்மப்பாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று குறிப்பெடுத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே போனதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. முதிய ஒருவரின் நினைவைத் திருத்துவதற்கு நான் யார்? குறிப்புப் புத்தகத்தைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

ஆனால் அன்ரியின் மகளிடம், "சந்ததம் பாஹிமாம் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றாள். அவள் வாசிக்க, பக்கத்தில் இருந்த பலகையில் நான் விரலால் தாளம் போட்டேன். ஒரு பெரிய அடி, இரண்டு சின்ன அடி. என் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாக நான் அடித்ததில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, "இது நடக்கிறதுக்கு உள்ளது இல்லை. இருந்து கேக்கிறதுக்கு உள்ளது. இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார்.

அணிவகுப்பு பாண்டுக்கும் கொன்சர்ட் பாண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பல பந்திகளில் எழுதினேன். அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஓர் இசையிடம் இருந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அதை இருந்து கேட்கும் இசையாக மாற்றலாம் என்பதைத்தான் தீட்சிதர் கோட்டையில் இருந்து திரும்பியபோது செய்து காட்டினார். அதற்காக அம்மப்பா எங்கள் விளையாட்டுப் போட்டி வீடியோவை ரசிக்க வேண்டும் என்று நான் இனிக் கேட்கமாட்டேன். எங்கள் உம்மாவை ஒலிபெருக்கிச் சத்தம் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே.

அன்பின் தோழிகளே, எமது குழு நடப்பதற்கு மட்டுமே பழகியிருக்கிறது. அடுத்த பரிசளிப்பு விழாவில் ஓர் உருப்படியையாவது கதிரைகளில் அமர்ந்து, மெதுவாக, கேட்பதற்காகவே வாசிப்போம் என்று பாண்ட் பொறுப்பாசிரியையிடம் கேட்டிருக்கிறேன். "பார்ப்போம்" என்றிருக்கிறார். பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். அன்று கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் கண்ணை மூடிக் கேளுங்கள். நான் பேஸ் ட்றத்தை மூன்றில் ஒரு தடவை மட்டும், மிக மெதுவாக அடிப்பேன். உம்மம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேளத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தேவையில்லை என்று கேட்டதில் அவருக்குத்தான் அதிக சந்தோஷம்.